தோட்டத்து மோட்டோகிராஸில் உயிர் போனால் சட்டப்படி யார் பொறுப்பு?

பொகவந்தலாவை_இளவட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவோட சேர்த்து ஒரு மோட்டோகிராஸ் (மண் ட்ராக்கில் பைக் ஓட்டப்போட்டி) வைக்க எங்க தோட்ட இளைஞர் கழகம் முடிவு செஞ்சிருக்கு. இடம், பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகைக்கு விட்டிருக்கிற ஒரு மலைச்சரிவு. பெக்கோ (மண் வெட்டுற இயந்திரம்) போட்டு 1.2 கிலோமீட்டர் அளவுக்கு ட்ராக் வெட்டியாச்சு, அகலம் 6 மீட்டர். 125 சிசி, 250 சிசி என்று ரெண்டு பிரிவு, ஒரு ஓட்டத்துக்கு 15 பைக். பக்கத்து டிவிஷன்கள், டவுன் எல்லாம் சேர்த்து 3000 பேர் வரைக்கும் வருவாங்க. வாசல்ல காசு வாங்கப் போறதில்லை. ரெண்டு கடைக்காரர் அனுசரணை தாறாங்க, சாப்பாட்டுக் கடைகளுக்கு இடவாடகை உண்டு.

துரை (தோட்ட முகாமையாளர்) வாய்மொழியா சரி என்றார், கடிதம் தரல. கமிட்டியில் பாதிப் பேர் சொல்றது இதுதான்: ஓடுறவங்ககிட்ட கையெழுத்து வாங்கிடுவோம், வாசல்ல "உங்கள் சொந்தப் பொறுப்பில் வரவும்" என்று பெரிய போர்டு வைப்போம், அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது. ஆனா 2024இல் தியத்தலாவை ரேஸில் கார் ஜனங்களுக்குள் பாய்ஞ்சு ஏழு பேர் செத்த பிறகு பொலிஸில் சும்மா விடுறதில்லை. யார் பொறுப்பு என்று எழுத்தில் கொண்டு வரச் சொல்லி நிலையப் பொறுப்பதிகாரி கேட்டிருக்கார்.

ஓடுற ஒருத்தரோ பார்க்க வந்த ஒருத்தரோ செத்துப் போனா சட்டம் யாரைப் பிடிக்கும்? கையெழுத்தும் போர்டும் நிக்குமா? ஜனங்களை ட்ராக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்தணும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சட்டத்தரணி_கண்டி:

கையெழுத்தும் போர்டும் நிற்காது. ஏன் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

ஒரே மரணத்திலிருந்து குற்ற வழக்கும் வரும், நட்டஈட்டு வழக்கும் வரும். ஒன்று தோற்றாலும் மற்றது நடக்கும். குற்றப் பக்கத்தில் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு: அசட்டைத் துணிவாலோ கவனயீனத்தாலோ ஒருவருக்கு மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் "சாரதி" என்ற சொல்லே கிடையாது. செய்தவர் யாராக இருந்தாலும் அதற்குள் வருவார். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவரும் வரலாம். காயப்பட்டவர்களுக்காக 328, 329ஆம் பிரிவுகள் கூடவே வரும். இந்த வழக்கை நடத்துவது அரசு. நீங்கள் குடும்பத்தோடு சமாதானமாகப் போய்ப் பணம் கொடுத்தாலும் அது தானாக முடிந்துவிடாது.

நட்டஈட்டுப் பக்கம், இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டம். கேள்வி இரண்டே: இப்படி நடக்கலாம் என்று நிதானமுள்ள ஒரு மனிதன் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் முன்கூட்டியே எண்ணியிருப்பானா? எண்ணியிருந்தால் அதைத் தடுக்க என்ன செய்திருப்பான்? அதைச் செய்யாதவர் பொறுப்பாளி. இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்த மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் தங்கள் சொந்த இழப்புக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். முன்பெல்லாம் வருமான இழப்பைத்தான் கேட்க முடிந்தது. உழைக்காத சிறு பிள்ளை இறந்தால் பெற்றோருக்கு அநேகமாக ஒன்றுமே கிடைக்காத நிலை இருந்தது. 2019இல் வந்த, ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடும் சட்டம் அதை மாற்றியது. அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் இப்போது கேட்கலாம்.

இனி கையெழுத்து. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், தொழில்முறையில் இயங்கும் ஒருவர் தன் கவனயீனத்தால் வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலோ அறிவித்தல் பலகையிலோ எழுதித் தப்ப முடியாது என்கிறது. நாங்கள் வியாபாரிகள் இல்லை, வெறும் கழகம் என்று நீங்கள் வாதிடலாம். அனுசரணைப் பணமும் கடை வாடகையும் வாங்கிய பிறகு அந்த வாதம் மெலிந்துவிடும். அது எடுபட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. ஓட்டுபவர் ஏற்றுக்கொள்வது விளையாட்டோடு பிறந்த ஆபத்தை மட்டும்தான். ஜம்பில் தவறி விழுவது அதில் அடங்கும். விழுந்து கிடப்பவரைப் பின்னால் வருபவருக்குக் காட்டக் கொடிக்காரர் இல்லாதது அடங்காது. பார்வையாளர் நிலை இன்னும் வேறு. அவர் பார்க்க வந்தவர். எட்டு வயதுப் பிள்ளை எந்தப் போர்டை வாசித்து எந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளும்?

அதற்காகப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விதிகளை விளக்கினோம், கொடிகளைச் சொல்லிக் கொடுத்தோம், வாகனத்தைப் பரிசோதித்தோம் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த வேலைக்காக அதை எழுதுங்கள்.

டூஸ்ட்ரோக்_ஹட்டன்:

சட்டத்தரணி சேர் சொல்றதை மதிக்கிறேன். ஆனா ஒரு விஷயம் எனக்கு ஒத்துக்கல. பைக்கை ஓட்டுனவன்தானே இடிச்சான்? ஆக்சிலேட்டர் அவன் கையில. பக்கத்தில் நின்னு விசில் ஊதின கமிட்டிக்காரனை எப்படி உள்ளே போடுறது? ரேஸ் என்றாலே வேகம்தான். வேகமா ஓட்டினதைக் குற்றம் என்று சொன்னா ரேஸே நடத்த முடியாது. உலகத்தில் எத்தனை பேர் ட்ராக்கில் செத்திருக்காங்க, யாரைத் தண்டிச்சிருக்காங்க?

சட்டத்தரணி_கண்டி:

தம்பி, நீங்களே பதிலின் பாதியைச் சொல்லிவிட்டீர்கள். மூடிய ட்ராக்கில் வேகம் மட்டும் கவனயீனம் ஆகாது. அதனால்தான் சாரதியைக் குற்றவாளியாக்குவது பொது வீதியில் இருப்பதைவிட இங்கே கடினம். மஞ்சள் கொடி அசைக்கும்போது வேகத்தைக் குறைக்காமல் வந்தாரா, பிரேக் வேலை செய்யாது என்று தெரிந்தே இறங்கினாரா, குடித்திருந்தாரா என்பவைதான் அவரை 298க்குள் கொண்டுவரும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் விசாரணை அடுத்த ஆளிடம் போகும்: வளைவுக்கு வெளியே ஜனங்களை நிறுத்தியது யார்?

தண்டித்தார்களா என்று கேட்டீர்கள். இத்தாலியைப் பாருங்கள். 1957இல் பொது வீதிகளில் நடந்த மில்லே மிலியா கார் ஓட்டத்தில் குயிடிசோலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்து, காரில் இருந்த இருவரும் ஐந்து சிறுவர்கள் உட்பட ஒன்பது பார்வையாளர்களும் இறந்தார்கள். சாரதி உயிரோடு இல்லை. வழக்கு, காரைச் செய்த கம்பனியின் தலைவர் என்ஸோ ஃபெராரி மீது போனது. 1961இல்தான் விடுவிக்கப்பட்டார். 1994 மே 1இல் இமோலா ட்ராக்கில் ஃபார்முலா 1 சாரதி அயர்டன் செனா இறந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு பேர்: வில்லியம்ஸ் அணியின் உரிமையாளர் ஃபிராங்க் வில்லியம்ஸ், தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட், வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, ட்ராக்கை நிர்வகித்த இருவர், ஓட்டப் பணிப்பாளர். 1997 டிசம்பரில் எல்லாரும் விடுதலை. ஆனால் மேன்முறையீடுகள் ஓடி, 2007இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம், ஸ்டியரிங் தண்டை வெட்டிக் குறுகிய குழாய் வைத்து ஒட்டிய மாற்றம் மோசமாக வடிவமைக்கப்பட்டு மோசமாகச் செய்யப்பட்டது, அதைச் சரிபார்க்கத் தவறியவர் ஹெட் என்று எழுதியது. காலம் கடந்துவிட்டதால் தண்டனை இல்லை. நம் நாட்டில் கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலம் 20 வருடம். இங்கே என்றால் 13 வருடம் கழித்தும் வழக்கு உயிரோடு இருந்திருக்கும்.

அமைப்பாளர் தப்பிய வழக்கையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கமிட்டிக்காரர்கள் அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் ட்ராக்கில் 1930இல் இரண்டு கார் மோதி ஒன்று வேலியில் பாய்ந்து இரண்டு பார்வையாளர்கள் இறந்தார்கள். அமைப்பாளர் பொறுப்பில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பின் அடிப்படை என்ன? அந்த ட்ராக் இயங்கிய 23 வருடத்தில் அப்படி ஒரு விபத்து நடந்ததே இல்லை. ஆகவே அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில்லில் ஒரு கார் ட்ராக்கை விட்டு விலகி ஜனங்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது. சாரதிகள் இருவர் கைதானார்கள். அந்த நாளுக்குப் பிறகு இலங்கையில் ரேஸ் நடத்தும் எவரும் நீதிமன்றத்தில் நின்று "இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை" என்று சொல்ல முடியாது. புரூக்லண்ட்ஸ் கதவு நம்மைப் பொறுத்தவரை அன்றே மூடிவிட்டது.

கொடிக்காரன்_நுவரெலியா:

தூரம் கேட்டீங்களே, அதுக்கு வாறேன். இத்தனை மீட்டர் என்று ஒரே எண் சொல்ல முடியாது, வேகமும் சரிவும்தான் தீர்மானிக்கும். கணக்கு லேசு. வேகத்தை மீட்டர்/செக்கனில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மெதுவாக்கலின் இரண்டு மடங்கால் வகுத்தா நிக்கிற தூரம். இறுகின மண்ணில் உராய்வு 0.5 என்று வைங்க, அதைப் புவியீர்ப்பால் (9.8) பெருக்கினா சமதரையில் மெதுவாக்கல்.

70 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற பைக் சமதரையில் 38 மீட்டர் போய் நிக்கும். 90இல் 64 மீட்டர். இது சமதரை. உங்க இடம் மலை. 20 பாகைச் சரிவில் கீழ்நோக்கிப் போனா அதே 70க்கு 150 மீட்டர் வேணும். சரிவு 27 பாகையைத் தொட்டுட்டா உராய்வும் இழுப்பும் சமமாகிடும், வண்டி தானா நிக்கவே நிக்காது. நம்ம பக்கத்துத் தேயிலை மலையில் 27 பாகை ஒண்ணும் அதிசயமில்லை. ஆக வளைவுக்கு வெளியே, கீழ்ப்பக்கத்தில், ஒருத்தரும் நிக்கக்கூடாது. நூறு மீட்டர் தள்ளி நின்னாலும் கூடாது. ஜனங்களை வளைவுக்கு உள்பக்கத்தில், ட்ராக்குக்கு மேலே இருக்கிற மண்மேட்டில் ஏத்துங்க. அங்கதான் நல்லாவும் தெரியும். மகாகஸ்தோட்டையில் 1934 தொடக்கம் ஹில் கிளைம்ப் (மலைப்பாதையில் ஏறுற ஓட்டம்) நடக்குது. அது கடிகாரத்தோட போட்டி, ஒருத்தர் ஒருத்தரா விடுவாங்க, வண்டியோட வண்டி மோதுற பிரச்சினை குறைவு. உங்களுது 15 பைக் ஒண்ணா பாயிற ஓட்டம். ஸ்டார்ட் கேட்டிலிருந்து முதல் வளைவு வரைக்கும் ரெண்டு பக்கமும் வெறுமையா இருக்கணும், அநேகமான மோதல் அங்கதான்.

கயிறு, பிளாஸ்டிக் நாடா, மூங்கில் வேலி எதுவும் தடுப்பு இல்லை. அது ஜனங்களுக்கு எல்லை காட்ட மட்டும். மூங்கில் முறிஞ்சா ஈட்டி மாதிரிக் குத்தும், அதை ட்ராக் ஓரத்தில் நடவே கூடாது. தடுப்பு என்றால் டயர் அடுக்கு. சும்மா அடுக்கி வச்சா பைக் பட்டவுடன் டயரே பறந்து போய் ஆளை அடிக்கும். ஒவ்வொரு அடுக்கையும் 12 மில்லிமீட்டர் போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டுத் துளைச்சு முடுக்குங்க. பிறகு அடுக்கோட அடுக்கையும் சேர்த்து முடுக்குங்க. கம்பி கட்டினா ரெண்டாவது மோதலிலேயே அறுந்துடும். அடுக்குக்குப் பின்னாலும் 2 மீட்டர் வெறும் இடம் விடணும், இடிபட்டா அது நகரும். மண்மேடு போடுறதா இருந்தா ட்ராக்கைப் பார்த்த முகத்தைச் செங்குத்தா வெட்டுங்க. சாய்வா விட்டா வண்டி அதில் ஏறிப் பறக்கும். 1955இல் லே மான்ஸில் லெவே என்ற சாரதியின் கார் இன்னொரு காரின் சாய்வான பின்பக்கத்தில் ஏறி, ஓரத்து மண்மேட்டில் விழுந்து சிதறி, பாகங்கள் ஜனத்துக்குள் போனதில் 80 பேருக்கு மேல செத்தாங்க.

அடுத்தது இதைவிடப் பெருசு. ரேஸில் ஜனம் சாகிறது முதல் விபத்தில் மட்டும் இல்லை, ரெண்டாவதிலும்தான். ஒருத்தர் விழுவார், சின்னக் காயம்தான். உடனே பார்க்கிற கூட்டம் கயித்தைத் தூக்கிட்டு உதவிக்கு ஓடும். பின்னால வர்றவனுக்குத் தூசியில் ஒண்ணும் தெரியாது. தியத்தலாவையிலும் ஒரு கார் முதலிலேயே புரண்டு கிடந்தது, மஞ்சள் கொடி காட்டிக்கிட்டிருந்தாங்க என்றுதான் அப்ப செய்திகள் வந்தது. அதனால விதியை இப்படி எழுதுங்க: ட்ராக்கில் ஆள் எழும்பாம கிடந்தாலோ, வெளியாள் ஒரே ஒருத்தர் கயித்தைத் தாண்டினாலோ, சிவப்புக் கொடி. மஞ்சள் போதாது. அந்தச் சிவப்பை எந்த போஸ்ட்டில் நிக்கிற மார்ஷலும் (ட்ராக் ஓரத்தில் கொடியோட நிக்கிற காவலர்) யாரையும் கேக்காம வோக்கி டோக்கியில் கூப்பிடலாம் என்றும் எழுதுங்க. மேடையில் பிரமுகர் இருக்கார், இறுதிச் சுற்று ஓடுது என்று தயங்குற அந்த 10 செக்கனில்தான் எல்லாம் முடியும்.

மார்ஷல் போஸ்ட் ஒவ்வொண்ணிலும் ரெண்டு பேர். ஒருத்தர் வர்ற பைக்கைப் பார்த்துக் கொடியோட, மற்றவர் முதுகு திருப்பி ட்ராக்கின் அடுத்த துண்டைப் பார்த்து. ஒரு போஸ்ட்டிலிருந்து அடுத்த போஸ்ட் கண்ணுக்குத் தெரியணும். உங்க 1.2 கிலோமீட்டருக்கு வளைவைப் பொறுத்து 10 போஸ்ட்டாவது வரும். ஜம்ப் ஒவ்வொண்ணிலும் கண்டிப்பா ஒரு போஸ்ட், ஏறுறவனுக்கு இறங்குற இடம் தெரியாது. மஞ்சள் அசைச்சா முந்தக்கூடாது, ஜம்ப்பில் பறக்கக்கூடாது, மெதுவா உருட்டிட்டுப் போகணும். இதை ஓட்டக்காரர் கூட்டத்தில் கொடியைக் கையில் பிடிச்சுக் காட்டிச் சொல்லணும். வராதவன் ஓடக்கூடாது.

ஏப்ரலில் நம்ம பக்கம் மதியத்துக்குப் பிறகு இடிமழையும் மூட்டமும் வரும். காலை 8க்குத் தொடங்கி 1 மணிக்குள் முடிங்க. மூட்டத்தில் ஒரு போஸ்ட்டுக்கு அடுத்த போஸ்ட் மறைஞ்சா அந்த நிமிஷமே நிறுத்தணும்.

காப்புறுதி_பதுளை:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். பைக்குக்கு இருக்கிற மூன்றாம் தரப்புக் காப்புறுதி இங்கே செல்லாது. அது பொது வீதிக்கானது. போதாக்குறைக்கு ஓட்டப்போட்டி, வேகப் பரிசோதனை இரண்டையும் விலக்கி ஒரு வரி அநேகமாக எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். முழுக் காப்புறுதியிலும் அதே வரி இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு. நிகழ்ச்சிக்கென எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்று. ஓட்டுபவர்களுக்கும் மார்ஷல்களுக்கும் தனியாள் விபத்துக் காப்புறுதி இன்னொன்று. முதலாவது, நீங்கள் பொறுப்பு என்று ஆனால்தான் கொடுக்கும், அதற்கு வருடக்கணக்காகலாம். இரண்டாவது யார் பிழை என்று பார்க்காமல் கொடுக்கும். குடும்பத்துக்கு உடனே கைகொடுப்பது அதுதான்.

பத்திரம் கையில் வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். "பங்குபற்றுபவர்", "உத்தியோகத்தர்", "பார்வையாளர்" மூவரும் உள்ளே இருக்கிறார்களா? எல்லைத் தொகை ஒரு ஆளுக்கா, முழு நிகழ்ச்சிக்குமா? முழு நிகழ்ச்சிக்கு 50 இலட்சம் என்றால் ஐந்து பேர் இறந்தால் ஆளுக்கு 10 இலட்சம்தான். நிபந்தனைப் பகுதியில் பொலிஸ் அனுமதி, அம்புலன்ஸ், தடுப்பு வேலி என்று எழுதியிருந்தால் அதில் ஒன்று குறைந்தாலும் கோரிக்கையை மறுப்பார்கள். விண்ணப்பத்தில் "விளையாட்டு விழா" என்று மட்டும் எழுதி மோட்டோகிராஸை மறைத்தால் பத்திரமே செல்லாது. மலிவாக முடிக்கச் சிலர் அப்படிச் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பொகவந்தலாவை_இளவட்டம்:

ரொம்ப நன்றி. இன்னும் கொஞ்சம் கேக்கணும். கமிட்டியில் 11 பேர். வழக்கு வந்தா கழகத்து மேல வருமா, ஆளாளுக்கு வருமா? துரை கடிதம் தரத் தயங்குறது கம்பனிக்குப் பொறுப்பு வந்துடும் என்றா? கொடி பிடிக்க, கயிறு கட்ட 20 தொழிலாளரை அன்னிக்குப் பேர் போட்டு அனுப்புறேன் என்று வேற சொல்லியிருக்கார்.

அப்புறம் கொடிக்காரன் அண்ணே, மூணாவது வளைவுக்கு நேர் கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கு. ட்ராக்கிலிருந்து 70 மீட்டர் இருக்கும். ஜனங்க வீட்டு வாசலிலிருந்தே பார்ப்பாங்க, அவங்களை எழுப்பி அனுப்ப முடியாதே?

சட்டத்தரணி_கண்டி:

கழகம் சட்டத்தால் உருவான கூட்டிணைப்பு இல்லையென்றால் அதன் பெயரில் வழக்கே போட முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளர், அன்று பொறுப்பெடுத்தவர் என்று ஆள் பெயரில்தான் வரும். வீடு, காணி, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் அடங்கும். பலர் சேர்ந்து இழைத்த தவறு என்றால் நட்டஈடு முழுவதையும் ஒருவரிடமே அறவிடலாம். கட்டியவர் பிறகு மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்கவேண்டும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. பார்வையாளர் எச்சரிக்கையை மீறிக் கயிற்றைத் தாண்டியிருந்தால் அவர் பங்கைக் கழிப்பதும் அதே சட்டத்தின்படிதான். கழிக்கப்படும், முழுதாக அழியாது.

துரை கடிதம் தராவிட்டால் பொறுப்பு வராது என்பது சரியில்லை. இடத்தின் மீது கட்டுப்பாடு வைத்திருப்பவர், அங்கே ஆபத்தான வேலை நடப்பதைத் தெரிந்தும் பேசாமல் இருந்தால் அதுவே கவனயீனமாகப் பார்க்கப்படலாம். கம்பனியின் பெக்கோ ட்ராக் வெட்டியிருந்தால் இன்னும் மோசம். காணி அரசுடையது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கிறது என்றால் குத்தகை நிபந்தனையில் இப்படி ஒரு பயன்பாட்டுக்கு இடம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே கடிதம் அவருக்கும் நல்லது. எந்தத் திகதி, எந்த நேரம், எந்த எல்லை, என்ன நிபந்தனை, காப்புறுதிப் பத்திர இலக்கம் என்ன என்று எழுதி வாங்குங்கள். அந்த 20 பேர் விஷயம் தனி. பேர் போட்டு அனுப்பினால் அவர்கள் அன்று வேலையில் இருக்கும் தொழிலாளர். அடிபட்டால் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கம்பனி பொறுப்பு. பயிற்சி இல்லாமல் கொடியைக் கையில் கொடுத்து வளைவில் நிறுத்தியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். கயிறு கட்டட்டும். கொடி பழகியவர்கள் பிடிக்கட்டும்.

11 பேரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று கூட்டக்குறிப்பில் எழுதாதீர்கள். ஒருவருக்கு ட்ராக், ஒருவருக்கு ஜனம், ஒருவருக்கு வைத்தியம், ஒருவருக்கு வாகனப் பரிசோதனை. எல்லாருக்கும் மேலே ஓட்ட அதிகாரி ஒருவர், நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் மார்ஷல்களுக்கும் மட்டும் உண்டு, தொடர்ந்து நடத்தச் சொல்லும் அதிகாரம் பிரதம விருந்தினருக்கோ அனுசரணையாளருக்கோ கிடையாது என்று எழுதுங்கள். பொலிஸ் கேட்கும் கடிதமும் இதுதான்.

கெட்டது நடந்தால் குடும்பத்தின் பக்கம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. திடீர் மரண விசாரணையில் குடும்பத்தவர் சாட்சியம் சொல்லும்போது இடம், தடுப்பு, கொடி, அம்புலன்ஸ் வந்த நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். "விபத்து" என்று ஒற்றைச் சொல்லோடு முடிய விடக்கூடாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை, பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கை இவற்றின் சான்றுப்படுத்திய பிரதிகளைச் சட்டத்தரணி மூலம் எடுக்க வேண்டும். நட்டஈட்டு வழக்குக்குக் காலம் 2 வருடம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்த 2 வருடத்தைத் தொலைத்த குடும்பங்கள்தான் அதிகம். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

நடத்தியது இராணுவமோ பொலிஸோ வேறு அரச நிறுவனமோ என்றால், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அரசின் மீதே நட்டஈட்டு வழக்குப் போடலாம். எதிராளி சட்டமா அதிபர். அவருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 461ஆம் பிரிவு. அடிப்படை உரிமை மீறல் மனுவும் உயர் நீதிமன்றத்தில் போடலாம், ஆனால் அதற்கு ஒரே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இறந்தவருக்காகக் குடும்பம் இந்த மனுவைப் போடலாம் என்பதை உயர் நீதிமன்றம் 2003இல் சிறியாணி சில்வா வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதிகாரிகள் செய்யாமல் விட்டதற்குச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டி வரும் என்பதையும் 2023 ஜனவரியில் ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் பார்த்தோம். முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்கே 10 கோடி ரூபா கட்டளை.

டூஸ்ட்ரோக்_ஹட்டன்:

சேர் சொன்ன கொடி விஷயம் இப்ப விளங்குது. ஓட்டுறவங்க பக்கமிருந்து ஒண்ணு சொல்றேன். வாகனப் பரிசோதனையை ஒப்புக்குச் செய்யாதீங்க. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டா தானா மூடணும், ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி வச்சும் இதைப் பாக்கணும், கேபிள் இழுபட்டா வளைவில் மூடாது. மணிக்கட்டில் கட்டுற, ஆள் விழுந்தா எஞ்சினை அணைக்கிற கில் ஸ்விட்ச் இல்லாத பைக்கை விடவே வேணாம். ஆள் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடினா அந்த பைக் எங்க போகும் என்று யாருக்கும் தெரியாது. வீல் பேரிங் ஆட்டம், ஸ்போக் தளர்வு, உடைஞ்ச லீவர் நுனி, செயின் கார்ட். பார்த்தவர் பேர், நேரம், பைக் இலக்கம் எழுதி ஓட்டக்காரர் கையெழுத்தும் வாங்குங்க. விபத்து நடந்தா அந்த பைக்கை யாரும் தொடக்கூடாது, மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கணும். கியர் எதில் இருக்கு, ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிச்சா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

கொடிக்காரன்_நுவரெலியா:

தம்பி, லயத்து ஜனங்களை எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. அது அவங்க வீடு. ட்ராக்தான் நகரணும். 70 மீட்டர் என்று சொன்னீங்க, நடுவில் சரிவு 20 பாகை என்று வச்சாலும் 70 வேகத்தில் வர்ற பைக் 150 மீட்டர் போகும். நேரா லயத்துக் கூரையில்தான் விழும். இப்பவே சரிவை அளந்து பாருங்க, போனில் பாகை காட்டுற ஆப் போதும்.

செய்ய வேண்டியது இது. மூணாவது வளைவை விட்டுட்டு, அதுக்கு 40 மீட்டர் முன்னாலேயே மேல்பக்கமா ட்ராக்கைத் திருப்புங்க. திருப்பத்துக்கு முன்னால் இடம் வலம் என்று ரெண்டு இறுக்கமான மடிப்பு போடுங்க, பைக் 30க்கு மேல வர முடியாத மாதிரி. 30 வேகத்தில் அதே 20 பாகையில் 28 மீட்டரில் நின்னுடும். அந்த 28 மீட்டருக்குள்ள குறுக்கால ஒரு கான் (வாய்க்கால்) வெட்டி, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கம் மேடா போட்டு, மேட்டின் மேல்முகத்தைச் செங்குத்தா சீவுங்க. தேயிலைச் செடி தடுக்கும் என்று நம்பாதீங்க. வாது வெட்டின செடி வண்டியைத் தூக்கி எறியும், முழுசா வளர்ந்த செடிக்கு மேலால வழுக்கிட்டுப் போகும். மடிப்பு வெட்டினதும் ஓட்டக்காரர் ரெண்டு பேரைத் தனித்தனியா விட்டு வேகத்தை அளங்க. 35க்கு மேல வந்தா மடிப்பை இன்னும் இறுக்குங்க.

அம்புலன்ஸைப் பத்தி யாரும் சொல்லலை. 1990 சுவசெரிய (அரச இலவச அம்புலன்ஸ்) கூப்பிட்டா வரும், ஆனா உங்க ட்ராக்குக்காகக் காத்து நிக்கிறது அதன் வேலை இல்லை. ரெண்டு அம்புலன்ஸ் வாடகைக்கு எடுங்க. ஒண்ணு ஆளை ஏத்திட்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனா மற்றது ட்ராக்கில் இருக்கும். ரெண்டும் போயிட்டா ஒண்ணு திரும்பி வர்ற வரைக்கும் ஓட்டம் இல்லை. தலையில் பலமா அடிபட்டா கண்டி தேசிய வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவாங்க, அது மலை இறங்குற நீண்ட பாதை. அம்புலன்ஸ் வெளியேறுற தோட்டத்து ரோட்டில் த்ரீவீலும் பைக்கும் நிறுத்த விடாதீங்க. காலையில் ஆள் வர்றதுக்கு முன்னால அம்புலன்ஸ் டிரைவரை ஒரு தடவை அந்த ரோட்டில் டவுன் வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்ட்ரெச்சரைப் போஸ்ட்டிலிருந்து அம்புலன்ஸுக்குத் தூக்கிட்டுப் போற வழி ட்ராக்கைக் குறுக்கே வெட்டினா அதையும் மாத்தணும்.

பொகவந்தலாவை_இளவட்டம்:

சரிவை இப்ப அளந்தோம் அண்ணே, மூணாவது வளைவுக்குக் கீழே 24 பாகை. நாளைக்கு பெக்கோவைக் கூப்பிட்டு மேல்பக்கமா வெட்டுறோம். ஓட்ட அதிகாரி யார் என்று ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானிச்சு, கூட்டக்குறிப்போட பொலிஸுக்கும் துரைக்கும் கடிதம் கொடுக்கிறோம். காப்புறுதி கிடைக்காட்டி இந்த வருஷம் மோட்டோகிராஸ் இல்லை, கிரிக்கெட்டும் சறுக்குமரமும் மட்டும்.

கொடிக்காரன்_நுவரெலியா:

24 என்றால் 30 வேகத்துக்கு 28 மீட்டர் போதாது, 70 மீட்டருக்கு மேல வேணும். கானையும் மேட்டையும் ட்ராக் ஓரத்திலிருந்து 5 மீட்டருக்குள்ளேயே போடுங்க, அதுக்குக் கீழே இன்னொரு கான். மடிப்பு வேகத்தை 20க்கு இறக்குங்க. மண் வெட்டி முடிஞ்சதும் சரிவோட நீளப் படம் ஒண்ணு இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.